ரப்பர் போட்டதும் நடுக்கம் ஏன் கூடியது? தரை ஆடும் இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் மாடியில் ஓர் இன்ஸ்பெக்ஷன் ரூம். மேசைமேல் கிரானைட் பலகை, அதன்மேல் மைக்ரோஸ்கோப். கீழ்த்தளத்தில் ஏர் கம்பிரசர். கம்பிரசர் ஓடத் தொடங்கினால் லென்ஸில் தெரியும் கோடு இரண்டாகப் பிரிந்து நடுங்கும், நின்றதும் ஒன்றாகிவிடும். ஆலைக்காரர்கள் தடிமனான ரப்பர் துண்டுகள் வாங்கி மேசையின் நாலு காலுக்கும் கீழே வைத்தார்கள். நடுக்கம் கூடிவிட்டது.

நான் போனபோது எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். தரையில் வைத்தால் மெல்லிய வளையங்கள் மட்டும். அதே டம்ளரை மேசைமேல் வைத்தால் தண்ணீர் முழுக்கச் சிலிர்த்தது. ரப்பர் அதிர்வை வாங்கிப் பெருக்கி மேலே அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த மேசையை யாரும் தட்டவில்லை, அதில் எந்த மோட்டாரும் இல்லை. அது நிற்கிற தரைதான் ஆடுகிறது. பள்ளத்தில் இறங்கும் பஸ்ஸுக்கும், நிலநடுக்கத்தில் நிற்கும் கட்டடத்துக்கும் இதே கதைதான். இந்த வகைச் சிக்கலில் மிகப் பரவலான தவறு, மெத்தென்று எதையாவது கீழே வைத்தால் அதிர்வு குறைந்துவிடும் என்று நம்புவது. எவ்வளவு மெத்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரப்பரோ ஸ்பிரிங்கோ, அதன்மேல் பாரத்தை ஏற்றினால் கொஞ்சம் அமுங்கும். அமுங்கிய அளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், அந்த அமைப்பு தானாக ஆடும் அதிர்வெண், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, ஹெர்ட்ஸில் கிடைக்கும். அங்கே ரப்பர் அமுங்கியது 2 மி.மீ. ஆக, சுமார் 11 ஹெர்ட்ஸ். தரையின் அதிர்வெண் இதைப் போல 1.41 மடங்கைத் தாண்டினால்தான் மேலே போகும் அதிர்வு குறையத் தொடங்கும். அதற்குக் கீழே எதுவானாலும் கூட்டித்தான் கொடுக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் ஒத்ததிர்வு, அதாவது ரெசனன்ஸ். ரப்பரில் அப்போது ஆட்டம் ஐந்து மடங்கைத் தாண்டுவது சாதாரணம்.

ஆலைக்காரர்கள் கணக்கே போடாமல் இல்லை. மோட்டார் 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று), அதாவது 24 ஹெர்ட்ஸ். அந்தக் கணக்குப்படி அதிர்வு நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் பெல்ட் வழியாகச் சுற்றும் கம்பிரசர் தலை ஓடியது 720 ஆர்பிஎம்மில். தரையைக் குலுக்கியது அதன் 12 ஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு, வேகமாக ஆடும்போது ரப்பர் சும்மா அமுங்கி நிற்கும்போது இருப்பதைவிட விறைப்பாகிவிடும். அதனால் 11 என்று கணக்கிட்டது நிஜத்தில் 12-ஐ ஒட்டியே போய் நின்றது. பெயர்ப்பலகையில் உள்ள ஆர்பிஎம்மை வைத்து முடிவெடுக்காதீர்கள். தரையில் சென்சரை வைத்து, எந்த அதிர்வெண் வருகிறது என்று பாருங்கள்.

அப்படி அளக்கும்போது இன்னொரு தவறும் நடக்கும். "அதிர்வு எவ்வளவு?" என்று ஒற்றை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது. 1 மி.மீ. வீச்சில் ஆடும் தரை 1 ஹெர்ட்ஸில் ஆடினால் அதன் முடுக்கம் புவியீர்ப்பில் 0.004 பங்குதான். அதே 1 மி.மீ. 10 ஹெர்ட்ஸில் என்றால் 0.4 பங்கு, நூறு மடங்கு. அதிர்வெண்ணைச் சொல்லாத வீச்சு ஒன்றுக்கும் உதவாது.

சரி, மேசைக்கு என்ன செய்தோம்? ரப்பரை எடுத்துவிட்டு, கிரானைட்டுக்கும் மேசைச் சட்டத்துக்கும் நடுவே 20 மி.மீ. அமுங்கும் சுருள் ஸ்பிரிங்குகள் வைத்தோம். தானாக ஆடும் அதிர்வெண் 3.5-க்கு இறங்கியது. 12 ஹெர்ட்ஸ் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கணக்குப்படி தரையின் ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்குதான் மேலே வர வேண்டும்.

உடனே ஒருவர், கூடவே ஆட்டத்தை உறிஞ்சி அடக்கும் நல்ல டேம்பரும் போட்டால் இன்னும் நிற்குமே என்றார். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 1.41 மடங்கைத் தாண்டிய இடத்தில் டேம்பர் எதிரி. ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கிற ஆட்டத்தை அது தரையிலிருந்து பிடித்து மேலே இழுத்துவிடும். எங்கள் கணக்கில், டேம்பிங்கை மாறுநிலை அளவில் (தள்ளிவிட்டால் திரும்ப ஆடாமலே நின்றுவிடும் அளவு) 30 சதவீதமாக ஏற்றினால் பத்தில் ஒன்று ஐந்தில் ஒன்றாகிவிடும். அதற்காக அறவே இல்லாமலும் விடக்கூடாது. கம்பிரசர் நிற்கும்போது வேகம் குறைந்து 210 ஆர்பிஎம்மை, அதாவது அதே 3.5 ஹெர்ட்ஸைக் கடக்கும். அந்த நேரத்தில் பலகையை அடக்க ஏதாவது வேண்டும். கொஞ்சம் போடுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

இதே தவறு பெரிய அளவில் நடந்தால் உயிர்கள் போகும். 1985 செப்டம்பர் 19 அன்று பசிபிக் கரையோரம் நிலம் நடுங்கியது. மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தில் இருந்தது. தூரம் அதிகமானால் ஆபத்து குறைவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் களிமண்மேல் நிற்கிறது. அந்த மண் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒருமுறை ஆடியது. குள்ளக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. 1956-ல் கட்டி முடித்த 44 மாடி தோர்ரே லத்தீனோஅமெரிகானா கோபுரமும் நின்றது. அதிகம் அடிபட்டவை 6 முதல் 15 மாடி வரை இருந்தவை. விரிசல் விட விட அவற்றின் ஆட்டம் மெதுவாகி மண்ணின் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. கட்டடத்தை ரப்பர் தாங்கிகள்மேல் வைத்தால் எங்கும் பத்திரம் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாங்கிகள் கட்டடத்தின் ஆட்டத்தை 2, 3 விநாடிக்கு நீட்டுபவை. கெட்டியான தரையில் அருமையான ஏற்பாடு. அந்த ஏரிமண்ணில் போட்டால் நம் மேசையின் கதைதான்.

அப்புறம், இடைவெளி. தூணோ ஸ்பிரிங்கோ உடைவதை முடிவு செய்வது மேலே உள்ளது எவ்வளவு நகர்ந்தது என்பதல்ல, தரைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம். தரையும் கட்டடமும் சேர்ந்தே நகர்ந்தால் தூணுக்கு நோவே இல்லை. மாணவர்கள் கணக்கில் வந்த விடை எந்த நகர்வு என்று பார்க்காமல் மாற்றிப் போட்டுவிடுவார்கள். 2001 நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தின் புஜ்ஜில் திரும்பக் கட்டிய மருத்துவமனை ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகள்மேல் நிற்கிறது. அப்படிப்பட்ட கட்டடத்தைச் சுற்றி நகர இடம் விட்டாக வேண்டும். அந்த இடத்தில் சுவர் எழுப்பினாலோ, வளையாத பைப்பைக் குறுக்கே இழுத்தாலோ, தாங்கி இருந்தும் இல்லாத மாதிரி.

எங்கள் மேசையிலும் கடைசியில் இதுதான் காலை வாரியது. ஸ்பிரிங் போட்ட பிறகும் கோடு லேசாக நடுங்கியது. பார்த்தால், பலகையின் பின்விளிம்பு சுவரில் ஒட்டியிருந்தது. விளக்குக்குப் போகும் கேபிள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. மேசையை ஒரு சாண் முன்னால் இழுத்து, கேபிளை ஒரு சுற்றுத் தளர்த்தி விட்டதும் கோடு நின்றது. உங்கள் இடத்திலும் பலகையைச் சுற்றி ஒரு தபால் அட்டையை ஓட்டிப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ, அங்கே அதிர்வு ஏறிக்கொண்டிருக்கிறது.