மலைச்சரிவு நிலத்துக்கு நீர்த்தர மேலாண்மைத் திட்டம்: நீலகிரி விவசாயிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நீலகிரியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளில் அரை மணி நேரம் பலத்த மழை பெய்தாலே கீழே ஓடும் ஓடை செந்நிறமாகிவிடும். அந்தக் கலங்கல் நீர் குந்தா, குன்னூர் ஆறுகளின் வழியாகப் பவானியிலும், பைக்காரா வழியாக மாயாற்றிலும் சேர்கிறது. பில்லூர் அணையிலிருந்து கோவைக்குக் குடிநீராகச் செல்வதும், பவானிசாகரிலிருந்து ஈரோட்டுப் பக்கத்து வயல்களுக்குப் பாய்வதும் இந்த மலை வடித்த நீர்தான். சோலையையோ நட்டு வளர்த்த காட்டையோ ஒட்டி ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்துக்கென ஒரு நீர்த்தரத் திட்டத்தை எப்படித் தயாரிப்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: மழையில் நடந்து வரைபடம் வரையுங்கள்

பலரும் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதிலிருந்து தொடங்குகிறார்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் பெறும் ஆய்வறிக்கையால் பெரிய பயன் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு நிலத்தின் மேல் எல்லையிலிருந்து ஓடை வரை நடந்து பாருங்கள். காட்டிலிருந்து நீர் எங்கே நுழைகிறது, எந்த ஒற்றையடிப் பாதை கால்வாயாக மாறுகிறது, மாட்டுத்தொழுவத்தின் கழிவு எந்தப் பக்கம் வடிகிறது, மருந்து கலக்கும் இடம் ஓடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவற்றை ஒரு தாளில் குறியுங்கள். காட்டையும் வயலையும் தனித்தனித் தாள்களில் வரைய வேண்டாம். தண்ணீர் வேலியைப் பார்த்து நிற்பதில்லை.

இரண்டாம் படி: தண்ணீர் எதைச் சுமந்து செல்கிறது என்று பிரித்தறியுங்கள்

மண், உரச்சத்து, பூச்சிக்கொல்லி, சாணத்திலிருந்து வரும் கிருமிகள் ஆகிய நான்கையும் கவனிக்க வேண்டும். இவை எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு போவதால், மண் அரிப்பைத் தடுத்தாலே அதன் பெரும்பகுதி நின்றுவிடும். நைட்ரேட் நீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கி, ஊற்றிலும் கிணற்றிலும் வெளிப்படும். அதைப் புல்வரப்பு கட்டி மட்டும் தடுக்க முடியாது, இடும் உரத்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியாக வேண்டும். எந்த வைத்தியம் எதற்கு என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

மூன்றாம் படி: இரண்டு இடங்களில் மாதிரி எடுங்கள்

ஓடை உங்கள் நிலத்துக்குள் நுழையும் இடத்திலும் நிலத்தை விட்டு வெளியேறும் இடத்திலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் நீர் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நிலம் சேர்த்த பங்கு. நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, புட்டியின் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்து நிரப்புங்கள். காலால் கலக்கிய நீர் உள்ளே போய்விடக் கூடாது. கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கம் செய்த புட்டியை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, நிரப்பியதும் பனிக்கட்டியில் வைத்து அன்றே ஒப்படைப்பது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.

ஊற்றுநீரைக் குடிப்பவர்கள் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்லும் எல்லைகளை மனத்தில் வைத்திருக்க வேண்டும்: நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கார அமிலத்தன்மை (pH) 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம், 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது. மண் கலங்கலைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் இரண்டு இடத்து நீரையும் நிரப்பி, ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் படிந்த வண்டலின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதிவையுங்கள்.

நான்காம் படி: வயலில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பாத்தி அமைக்கும் வழக்கத்தை நிறுத்தி, சமமட்டக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் கோட்டில் அமைப்பது. இதற்கு ஏ வடிவச் சட்டம் ஒன்றே போதும். சம நீளமுள்ள இரண்டு மீட்டர்க் கழிகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பை இணைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரு கால்களையும் தரையில் ஊன்றி, ஊன்றிய இடங்களையும், கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தையும் குறியுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி அதே புள்ளிகளில் வைத்து மறுபடியும் கயிற்றின் இடத்தைக் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் சமமட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றிச் சுழற்றி நகர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் முளை அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும்.

அந்தக் கோடுகளில் புல்வரிசை நடுங்கள். தேயிலைத் தோட்டமானால் செடி வரிசைகளுக்கு இடையே விட்டுவிட்டுச் சமமட்டக் குழிகள் எடுக்கலாம். ஓடையின் இரு கரையிலும் குறைந்தது 5 மீட்டர் அகலத்துக்கு உழாமல், மருந்தடிக்காமல் புல்லும் புதருமாக விட்டுவிட வேண்டும். சரிவு கூடினால் அகலமும் கூட வேண்டும். ஓரடி நிலத்தைக்கூட விட மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் கரை சரிந்து ஓடையோடு போகும் நிலமும் நம்முடையதுதானே.

உரத்தை மண்பரிசோதனைப்படி பிரித்துப் பிரித்து இடுங்கள்; கனமழை அறிவிப்பு இருக்கும் நாளில் யூரியா போடாதீர்கள். கோழி எருவும் தொழு உரமும் ஓடைக்கு எட்டாத மேட்டில், கூரையோ தார்ப்பாயோ போட்டு மூடியிருக்க வேண்டும். மருந்து டப்பாவை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலில் அடித்துவிடுங்கள். ஓடையில் தெளிப்பானைக் கழுவும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

ஐந்தாம் படி: காட்டுப் பகுதி

காட்டிலிருந்து வரும் மண்ணில் கணிசமான பங்கு பாதைகளிலிருந்து வருகிறது. இலைச்சருகு மூடிய தரை எளிதில் அரிக்காது. எனவே செங்குத்தாக இறங்கும் பாதையை வளைத்துத் திருப்பி, இடையிடையே குறுக்கு வடிகால் வெட்டி, நீரைப் புல் மூடிய பகுதிக்கு விடுங்கள். ஊற்றுக்கண் அருகிலுள்ள சோலை மரங்களையும் சதுப்பையும் தொடாதீர்கள். அங்கே சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பரவியிருந்தால் ஒரேயடியாக வெட்டித் தரையைத் திறந்துபோட வேண்டாம். சிறிது சிறிதாக அகற்றி, சோலைக்கன்றுகளை நட்டு நிழலைக் காப்பாற்றுங்கள். சொந்த நிலமானாலும், மரம் வெட்டுமுன் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவையா என்று வனத்துறையில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அரசுக் காட்டுக்குள் எதையும் நீங்களாகச் செய்யக் கூடாது. அங்குள்ள அரிப்பைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள்.

ஆறாம் படி: எழுதி, நாள் குறியுங்கள்

வரைபடத்தின் பின்பக்கமே திட்டத்துக்குப் போதும். எந்த இடம், என்ன வேலை, யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் வலுப்பதால் மண்வேலைகளை மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும்; வடகிழக்குப் பருவமழையை அதிகம் பெறும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் செப்டம்பருக்குள் முடித்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யப் பணமில்லாவிட்டால், முதல் மழையில் அதிகம் கலங்கிய இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பருவத்தின் முதல் பெருமழையிலும், நடுவிலும், ஓய்ந்த பின்னும் அதே இரண்டு இடங்களில் நீர் எடுத்து, அன்று பெய்த மழையளவோடு சேர்த்து எழுதிவையுங்கள். வண்டல் குறைந்தும் நைட்ரேட் குறையவில்லையென்றால் புல்வரிசை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அடுத்த பருவத்துக்கு மாற்ற வேண்டியது உர அட்டவணையை.