லெதர் ரைடிங் ஜாக்கெட் தைக்கக் கொடுக்குமுன்: கத்தி படுவதற்கு முன்பே திருத்த வேண்டிய தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகையில் தோல் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் குப்பம், வி.கோட்டா, பலமநேர், சித்தூர் பக்கத்துப் பைக்காரர்கள் எல்லை தாண்டி வந்து, ரெடிமேடு வாங்குவதற்குப் பதிலாகத் தங்கள் உடம்புக்கே அளவெடுத்து ஒரு ரைடிங் ஜாக்கெட் தைத்துக்கொள்ள ஆசைப்படுவது இயல்பு. நல்ல ஆசைதான். ரெடிமேடில் மார்பு சரியாக இருந்தால் கை நீளம் கூடிவிடும், கை சரியாக இருந்தால் வயிறு இறுக்கும். ஆனால் இப்படித் தைத்த ஜாக்கெட்டுகளில் பல, இரண்டு மூன்று முறை போட்டதோடு பீரோவில் தொங்குகின்றன. தையல்காரரின் கை கோணியதால் அல்ல. கொடுத்த அளவும் கேட்ட கேள்விகளும் ஒரு சட்டைக்கு ஆனவையாக இருந்ததால்.

துணிச் சட்டை சின்னதாகிவிட்டால் உள்ளே விட்டிருக்கும் ஓரத்தைப் பிரித்துப் பெரிதாக்கலாம். தோலில் அது நடக்காது. ஊசி போட்ட துளை மூடாது. பிரித்தால் வரிசையாகப் புள்ளிகள் நிற்கும், அந்த இடம் கிழியவும் பார்க்கும். ஓரளவு பிடித்துச் சின்னதாக்கலாம், பெரிதாக்க வழியே இல்லை. எனவே திருத்த வேண்டியதையெல்லாம் தாளில் இருக்கும்போதே திருத்தியாக வேண்டும்.

நின்றுகொண்டே அளவு கொடுப்பது

இதைத்தான் முதல் தவறு என்பேன், மற்ற பாதித் தவறுகள் இதிலிருந்தே முளைக்கின்றன. கடையில் நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கப்போட்டு அளவு கொடுக்கிறோம். ஆனால் ஜாக்கெட் வேலை செய்வது வண்டிமேல். அங்கே முதுகு வளைந்து நீள்கிறது, கை முன்னே போய் முழங்கை மடங்குகிறது. வயிற்றுப் பக்கம் சுருங்குகிறது. நின்ற அளவுக்குத் தைத்த ஜாக்கெட் அங்கே போனதும் பின்னால் மேலேறி இடுப்பைக் காட்டும். கை மணிக்கட்டை விட்டு உள்வாங்கும். முன்பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு காலர் தாடையை இடிக்கும்.

ஆகவே வண்டியைக் கடைக்கே ஓட்டிக்கொண்டு போங்கள். ஸ்டாண்டில் போட்டு ஏறி உட்கார்ந்து, ஹாண்டில்பாரைப் பிடித்த நிலையில் அளவெடுக்கச் சொல்லுங்கள். கை நீளம் என்றால் தோள் எலும்பின் முனையில் தொடங்கி, மடங்கிய முழங்கையின் வெளிப்புறம் வழியாக, மணிக்கட்டு எலும்பு வரை. முதுகு நீளம் என்றால் தலை குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து பெல்ட் வரை. இந்த இரண்டும் நின்ற அளவிலிருந்து எவ்வளவு மாறுகின்றன என்று டேப்பிலேயே பார்க்கலாம்.

என்ன வண்டி என்பதும் இதில் அடங்கும். புல்லட்டில் ஏறக்குறைய நாற்காலியில் உட்கார்ந்தது போல நிமிர்ந்து இருப்போம். ஆர்15 போன்ற வண்டியில் டேங்கின்மேல் கவிழ்ந்திருப்போம். அதே ஆளுக்கு இந்த இரண்டு வண்டிக்கும் ஒரே முதுகு நீளம் ஒத்துவராது. இரண்டையும் ஓட்டுகிறவர் அதிகம் எதில் தூரம் போகிறாரோ அதற்கே அளவு கொடுக்க வேண்டும்.

முன்பக்க நீளம் பின்பக்கத்தைவிடக் குறைவாக இருக்கட்டும், பெல்ட்டைத் தொட்டால் போதும். கீழே பக்கிள் வைக்கச் சொல்லாதீர்கள். அது முதலில் கீறுவது உங்கள் டேங்கைத்தான். கை தொடக்கத்திலேயே லேசாக வளைந்த வெட்டாக வரவேண்டும். தோளுக்குப் பின்னாலும் முழங்கைக்கு மேலும், தோலை நெருக்கமாக மடித்து அடியில் இலாஸ்டிக் வைத்துத் தைப்பார்கள். அசைவுக்கு இடம் கொடுப்பது அந்த மடிப்புகள்தான். ஒட்டுமொத்த ஜாக்கெட்டையும் லூசாக்கி அந்த அசைவை வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

ஆர்ம்ஹோல் விஷயம் பலருக்கு நம்பக் கடினம். கை உடம்போடு சேரும் அந்த வளையம் பெரிதாகத் தொங்கினால் கை சுலபமாக ஆடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஆழமான ஆர்ம்ஹோல் இருந்தால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் கூடவே ஏறும். அக்குளுக்கு அருகில், உயரத்தில் வெட்டிய ஆர்ம்ஹோலில் கை தனியாக நகரும், உடல் பகுதி அசையாமல் இருக்கும். போட்டதும் கொஞ்சம் பிடிப்பாகத் தெரியும், தெரியட்டும்.

இரண்டு பேரும் லூசு சேர்ப்பது

வீட்டில் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மார்புச் சுற்றில் இரண்டு அங்குலம் கூட்டி எழுதுகிறார்கள், 'தோல்தானே, இறுக்கிவிடும்' என்ற பயத்தில். அதை உடம்பு அளவு என்று எடுத்துக்கொள்ளும் கட்டிங் மாஸ்டர் தன் வழக்கப்படி இன்னும் இரண்டு, மூன்று அங்குலம் சேர்க்கிறார். கடைசியில் உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம். "மாஸ்டர், இது வெறும் உடம்பு அளவு, லூசு நீங்களே சேர்த்துக்கங்க" என்று வாயால் சொல்லி, தாளிலும் எழுதிவிடுங்கள். அங்குலமா சென்டிமீட்டரா என்பதும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

அளவை நீங்களே எடுக்காதீர்கள். கையைத் தூக்கி டேப்பைப் பிடித்தாலே மார்பளவு மாறிவிடும். மெல்லிய பனியன் ஒன்றோடு நில்லுங்கள், சாதாரணமாக மூச்சு விடுங்கள், இன்னொருவர் அளக்கட்டும். பழைய துணி ஜெர்கின் ஒன்றைக் கொடுத்து 'இதே அளவுக்கு' என்று சொல்வதும் சரிவராது. துணி தரும் இளக்கத்தைத் தோல் தராது.

புதுத் தோல் போடப் போட உடம்புக்குப் பழகும் என்பது உண்மை. மார்பிலும் தோளிலும் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆகவே புதிதில் அங்கே ஒட்டினாற்போல் இருப்பது நல்லது. நீளத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். முழங்கையில் நிரந்தர மடிப்பு விழுந்துவிட்டால் கை சற்றுக் குட்டையாகும். எனவே கை நீளத்தில் மட்டும் ஓர் அங்குலம் தாராளமாகக் கேளுங்கள். கிளவுஸ் ஜாக்கெட் கையின்மேல் வருமா, உள்ளே போகுமா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மணிக்கட்டுச் சுற்று அதைப் பொறுத்தது.

வயிறு கூடிக் குறைகிறவர்கள் இடுப்பின் இரண்டு ஓரங்களிலும் இழுத்துக் கட்டும் ஸ்ட்ராப் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் சேர்ப்பதைவிட இப்போது சேர்ப்பது மிகச் சுலபம்.

தோலைப் பற்றிக் கேட்காமல் விடுவது

இந்த வட்டாரத்தில் ஜாக்கெட் தைக்கிறவர்கள் எல்லாரும் ரைடிங் ஜாக்கெட் தைக்கிறவர்கள் அல்லர். பலருக்குப் பழக்கம், ஏற்றுமதிக்குப் போகும் ஃபேஷன் ஜாக்கெட். அதில் வருவது பெரும்பாலும் ஆட்டுத்தோல், 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன். தொட்டால் வெண்ணெய் போல இருக்கும், கண்ணாடியில் அழகாக விழும், தார் ரோட்டில் உரசினால் சீக்கிரம் ஓட்டை விழும். பைக்குக்கு மாட்டுத்தோலில் 1.1 முதல் 1.3 மில்லிமீட்டர் கேளுங்கள். 'நல்ல கனமான தோல்' என்ற பதிலோடு திரும்பாதீர்கள். தோல் தொழிலில் தடிமன் பார்க்கும் கேஜ் அன்றாடச் சாமான், வைத்துக் காட்டச் சொல்வதில் யாருக்கும் வருத்தம் வராது.

அப்புறம், மேல்தோல் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். தோலைப் பிளந்து, அடிப் பாகத்தின்மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி மினுக்குவதும் உண்டு. பார்வைக்கு அது குறையே இல்லாமல் ஒரே சீராக இருக்கும். உண்மையான மேல்தோலில் சின்னச் சின்ன மயிர்க்கால் துளையும், எங்காவது ஒரு பழைய கீறலும் தெரியும். அந்தக் கீறலைக் காட்டிச் சண்டை போடாதீர்கள், அது தோள்மூட்டிலோ தையல் அருகிலோ வராமல் வெட்டச் சொல்லுங்கள்.

ஒரே தோலிலும் இடத்துக்கு இடம் பலம் மாறும். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமாக, ஒரே கனத்தில் இருக்கும். வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். ஜாக்கெட்டின் முதுகும் தோளும் முழங்கையும் முதல் வகையிலிருந்து வரட்டும், உள்மடிப்புக்கும் காலரின் உட்பக்கத்துக்கும் மற்றது போதும். இதைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் மாஸ்டர் கூடுதல் கவனம் எடுப்பார், அதையும் பார்த்திருக்கிறேன்.

செலவை மிச்சம் பிடிக்கத் தோலை நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் குறைத்து வாங்காதீர்கள். சேதாரம் சேர்த்து, அளவையும் டிசைனையும் பொறுத்து ஒரு ஜாக்கெட்டுக்கு 40 முதல் 50 சதுர அடி வரை போகும். பாதியில் தீர்ந்து இன்னொரு லாட்டில் வாங்கினால் நிறம் ஒட்டாது. ஆவாரம்பட்டை போன்றவற்றில் பதனிட்ட தோலுக்கு ஒரு தனி அழகு உண்டு, பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் அதை மனமார விரும்புகிறேன். ஆனால் நாள் முழுக்க உடம்போடு மடங்கி நிமிரும் ஜாக்கெட்டுக்கு குரோமியம் உப்பில் (குரோம்) பதனிட்ட தோலின் மென்மையே வசதி.

பேடைக் கடைசியில் வாங்குவது

ஜாக்கெட் தயாரானதும் பேட், அதாவது விழும்போது அடியைத் தாங்கும் உள்மெத்தை, வாங்கி நுழைக்கலாம் என்று நினைத்தால் ஒன்று அது நுழையாது, அல்லது உள்ளே உருளும். தோள், முழங்கை, முதுகு பேடுகளை முதலில் வாங்கி, அளவு கொடுக்கும் நாளிலேயே மாஸ்டர் கையில் கொடுத்துவிடுங்கள். அவற்றைச் சேர்த்தே மார்பும் கையும் கணக்கிட வேண்டும்.

வாங்கும்போது பேடிலேயே இஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் அது 1621-1, முதுகுக்கு 1621-2. ஒரே சக்தியில் அடித்து, பேடைத் தாண்டி உள்ளே எவ்வளவு விசை வருகிறது என்று சோதிப்பார்கள். தோள், முழங்கை பேடில் லெவல் 1 என்றால் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள், லெவல் 2 என்றால் 20-க்குள் இருக்க வேண்டும். முதுகில் அது 18-ம் 9-ம். தோள், முழங்கை பேடில் சிறிய உடம்புக்கு ஏ வகை, மற்றவர்களுக்கு அதிக இடத்தை மூடும் பி வகை.

ஒன்றை மறக்க வேண்டாம். பேடில் உள்ள சிஇ என்ற ஐரோப்பிய முத்திரை பேடுக்கு மட்டும்தான். முழு ஜாக்கெட்டுக்கான சோதனை இஎன் 17092 என்பது வேறு. தோல் உரசல், கிழிசல், தையலின் பலம் எல்லாம் அதில் பார்க்கப்படும். 'சிஇ ஜாக்கெட் தைத்துத் தருகிறோம்' என்று சொல்கிறவரிடம் எதற்குச் சான்று இருக்கிறது என்று கேளுங்கள்.

தையல் நூல் நைலானா பாலியஸ்டரா என்று கேட்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையில் மக்கிவிடும். தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்பதும் தோலுக்குப் பொருந்தாது. அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு தையல் போதும், அதற்குமேல் போனால் தபால்தலை ஓரம் போலத் துளை வரிசையில் கிழியும். தோளிலும் கையிலும் ஒன்றுக்கு இரண்டு வரிசையாகப் போடச் சொல்லுங்கள்.

அலங்காரம்

முதுகு நிறைய எம்பிராய்டரி, தோளில் ஸ்டட், நாலு நிறத்தில் துண்டு துண்டாகப் பேனல். எம்பிராய்டரியின் ஒவ்வொரு குத்தும் ஒரு துளை. ஆசையிருந்தால் தனித் துண்டில் போட்டு மார்பின் மேல் ஒட்டித் தைக்கலாம். விழும்போது தரையில் படும் இடத்தில் உலோகம் வேண்டவே வேண்டாம். பேனல் கூடினால் தையல் கூடும், முதலில் விட்டுக்கொடுப்பது தையல்தான். முதுகு ஒரே துண்டாக வந்தால் அதைவிட அழகு ஏது?

மலைக்கு மேலும் கீழும்

குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கிருந்து மலைப்பாதை ஏறி பலமநேரோ வி.கோட்டாவோ போனால் காற்றே வேறு, மார்கழி விடியலில் பல் கிட்டும். இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை மறந்து, பஞ்சு வைத்த லைனிங்கை நிரந்தரமாகத் தைத்துவிடுகிறார்கள். கீழே இறங்கியதும் ஜாக்கெட் கழற்றப்பட்டு டேங்க்மேல் கிடக்கிறது. வலை லைனிங்கை நிரந்தரமாகவும், குளிர் லைனிங்கை ஜிப் போட்டுக் கழற்றும்படியும் கேளுங்கள். காற்றுத் துளைகள் மார்பிலும் கையின் முன்பக்கத்திலும் இருக்கலாம், தோளிலும் முழங்கையிலும் கூடாது.

காடா துணியில் ஒரு ட்ரையல்

தோலை வெட்டுமுன் அதே பாட்டர்னில் காடா துணியில் ஒன்று தைத்துத் தரச் சொல்லுங்கள். ஆகும் செலவு சொற்பம், தட்டிக் கழிக்கும் கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அதைப் போட்டு, பேடைச் செருகி, ஹெல்மெட் மாட்டி வண்டியில் ஏறுங்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்பி, நிமிர்ந்து தூரத்தைப் பாருங்கள். ஹெல்மெட்டின் பின்விளிம்பு காலரில் முட்டக்கூடாது. கழுத்துக்குள் இரண்டு விரல் போக வேண்டும். குறைகளைத் துணியின்மேலேயே பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள், வாயால் சொன்னது அடுத்த வாரம் மறந்துபோகும்.

முடிந்த ஜாக்கெட்டை வாங்கும் நாளில் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஹாண்டிலைப் பிடித்த நிலையில் கூட வந்தவரை விட்டு முழங்கைப் பேடை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு எலும்பை விட்டு அது பக்கவாட்டில் நழுவினால், மீதிப் பணம் தருமுன் மாஸ்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேடைச் செருகும் பை இருப்பது லைனிங்கில். அதை ஓர் அங்குலம் நகர்த்தித் தைக்கத் தோலில் கை வைக்க வேண்டியதில்லை.