‘கிளிக்’ கேட்ட பிறகும் நடக்கும் தவறுகள்: என்ஜின் போல்ட்டைச் சரியான டார்க்கில் இறுக்குவது எப்படி?

ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) மாற்றிக் கொடுத்த வண்டி, சில நூறு கிலோமீட்டரிலேயே கூலன்ட் குறைகிறது என்று திரும்பி வந்தால், பட்டறையில் முதலில் திட்டு வாங்குவது கேஸ்கெட்தான். ‘டூப்ளிகேட் சரக்கு’ என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அசல் கேஸ்கெட் போட்டு, டார்க் ரெஞ்ச் (குறித்து வைத்த டார்க், அதாவது முறுக்கு விசை வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்) வைத்து, மேனுவலில் உள்ள எண்ணுக்கே இறுக்கியிருந்தாலும் இப்படி ஆவதுண்டு. டார்க் ரெஞ்ச் காட்டுவது போல்ட்டின் பிடிப்பை அல்ல. போல்ட்டைத் திருப்ப எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும்தான்.

ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடிப்பது போல்ட்டின் நீட்சி. இறுக்க இறுக்க எஃகு போல்ட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவைதான் கேஸ்கெட்டை அழுத்தி வைக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இழுவை. பட்டறையில் அதை நேரடியாக அளக்க வழியில்லாததால் டார்க்கை அளந்து ஊகித்துக்கொள்கிறோம். நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலேயே தீர்ந்துவிடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையில் (போல்ட்டின் திருகு வரிகளில்) உராய்ந்து போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது சுமார் 10 சதவீதம். உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தப் பத்து எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைக் கலைப்பவைதான்.

எண்ணெய் போட்டதா, போடாததா?

போல்ட்டை மாட்டுவதற்கு முன் ஆயில் கேனில் முக்கி எடுப்பது பலருக்கும் பழக்கம். துருப் பிடிக்காது, சுலபமாக இறங்கும் என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8.8 என்ற வலிமைத் தரத்தில் ஒரு எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட். எண்ணெய் இல்லாமல் 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் சுமார் 25,000 நியூட்டன் இழுவை கிடைக்கும், அதாவது இரண்டரை டன் எடை. அதே 50-ஐ என்ஜின் ஆயில் தடவி இறுக்கினால் இழுவை 33,000 நியூட்டன் பக்கம் போய்விடும். மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவினால் 40,000-ஐத் தாண்டலாம். அந்தப் போல்ட் நிரந்தரமாக நீண்டுபோகும் எல்லை சுமார் 37,000. ரெஞ்ச் மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் ‘கிளிக்’ என்றிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் காய்ந்த நிலையில் இறுக்குவதும் தவறு. பல ஹெட் போல்ட்டுகளுக்கு மரையிலும் தலைக்கு அடியிலும் எண்ணெய் தடவச் சொல்லி மேனுவலே கேட்கும். அங்கே தடவாமல் விட்டால் இழுவை போதாமல் போகும். ஆக, மேனுவலில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடக் கூடாது. பக்கத்தில் ‘உலர்ந்த நிலையில்’ என்றோ ‘எண்ணெய் தடவி’ என்றோ இருக்கிறதா என்று தேட வேண்டும். ஏஆர்பி போன்ற நிறுவனங்களின் போல்ட் வாங்கினால் எந்த மசகைத் தடவ வேண்டும் என்பதையும், அதற்கான டார்க்கையும் சேர்த்தே கொடுப்பார்கள். பழைய மேனுவலின் எண்ணை அதற்குப் போடக் கூடாது.

லாக்டைட் மாதிரியான பசையும் ஈரமாக இருக்கும்போது மசகுதான் என்பதை மறந்துவிடுகிறோம். துரு, அழுக்கு, பழைய பசை ஆகியவை எதிர்த்திசையில் ஏமாற்றும். உராய்வு கூடி, போல்ட் நீளும் முன்பே கிளிக் வந்துவிடும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டுவது அதனால்தான் அவசியம். பிளாக்கில் உள்ள மரையைச் சுத்தம் செய்ய டேப் போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. டேப் உலோகத்தை வெட்டும் கருவி. ஒவ்வொரு தடவையும் மரையைக் கொஞ்சம் மெலிய வைத்துவிடும். சுத்தம் செய்வதற்கென்றே த்ரெட் சேசர் கிடைக்கிறது.

இதைவிட ஆபத்தானது அடி மூடிய துளையில் தேங்கி நிற்கும் எண்ணெயும் கூலன்ட்டும். ஹெட்டைத் தூக்கும்போது போல்ட் துளைகளுக்குள் இறங்குவதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. போல்ட் உள்ளே இறங்கும்போது அந்தத் திரவம் வெளியேற வழியின்றி அடியில் அழுத்தப்படும். திரவம் சுருங்காது. ஒன்று, போல்ட் உட்காராமலே கிளிக் கேட்கும். இல்லையென்றால் பிளாக்கே விரிசல் விடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துளையின் மேல் துணியை வைத்து, காற்று ஊதி எடுங்கள். ஹெட்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எண் சரி, அலகு தப்பு

நம் ஊர் மேனுவல்களில் பெரும்பாலும் நியூட்டன் மீட்டர். பழைய ஜப்பானிய மேனுவல்களில் கிலோகிராம் மீட்டர், கிலோகிராம் சென்டிமீட்டர். அமெரிக்க வீடியோக்களில் ஃபுட் பவுண்ட், சின்ன போல்ட்டுகளுக்கு இஞ்ச் பவுண்ட். வினை இந்தக் கடைசி இரண்டில்தான். டேப்பெட் கவர் (ஹெட்டுக்கு மேல் உள்ள மூடி) போல்ட்டுக்கு 89 இஞ்ச் பவுண்ட் என்றால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். அதையே 89 ஃபுட் பவுண்ட் என்று எடுத்துக்கொண்டால் 120 நியூட்டன் மீட்டர். எம்6 போல்ட் அதில் பாதிக்குக்கூடத் தாங்காது, பாதி வழியிலேயே முறிந்துவிடும்.

மனதில் வைத்துக்கொள்ள மூன்று எண்கள் போதும். ஒரு ஃபுட் பவுண்ட் 1.36 நியூட்டன் மீட்டர், பன்னிரண்டு இஞ்ச் பவுண்ட் சேர்ந்தால் ஒரு ஃபுட் பவுண்ட், ஒரு கிலோகிராம் மீட்டர் 9.8 நியூட்டன் மீட்டர்.

சின்ன போல்ட்டுகளில் அலகு சரியாக இருந்தாலும் கருவி பெரிதாக இருந்தால் அதே கதைதான். அரை இஞ்ச் டிரைவ் உள்ள, 40 முதல் 200 வரை அளக்கும் ரெஞ்சை வைத்துக்கொண்டு 10 நியூட்டன் மீட்டர் போல்ட்டைத் தொடக் கூடாது. அந்த அளவே அதில் கிடையாது. கிளிக் வருமென்று காத்திருந்தால் போல்ட்டின் தலைதான் கையோடு வரும். என்ஜின் வேலை அடிக்கடி செய்பவர் 5 முதல் 25 வரை அளக்கும் சின்ன ரெஞ்ச் ஒன்றும் பெரியது ஒன்றும் வைத்திருப்பது நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சின்னதை முதலில் வாங்குங்கள் என்பேன். அலுமினிய என்ஜினில் மரை போவது பெரும்பாலும் எம்6, எம்8 துளைகளில்தான்.

வரிசை

ஹெட்டை நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிச் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும் என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். மொபைலுக்குக் கண்ணாடி ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவோமே, அதே காரணம்தான். ஓரத்தை முதலில் பிடித்துவிட்டால் நடுவில் உள்ள வளைவுக்குப் போக்கிடம் இல்லை. பலர் கோட்டைவிடுவது கழற்றும்போது. அதற்கு வரிசை தலைகீழ், ஓரத்திலிருந்து நடுவுக்கு. அதுவும் ஒவ்வொன்றாக முழுதும் கழற்றாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். சூடான என்ஜினில் அவசரமாகக் கழற்றிய அலுமினிய ஹெட் வளைந்துபோய், அப்புறம் லேத்தில் கொடுத்து ஃபேஸ் பிடிக்க (பரப்பைச் சமப்படுத்த) வேண்டிவரும்.

இறுக்குவதும் படிப்படியாகத்தான். முதல் சுற்றில் எல்லாமே பாதிக்கும் கீழே, அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம், கடைசிச் சுற்றில் முழு அளவு. மேனுவல் எத்தனை படி சொல்கிறதோ அத்தனை.

டிகிரி கணக்கு வரும் போல்ட்டுகள்

இன்றைய என்ஜின்களில் ஹெட் போல்ட்டுக்கு வெறும் டார்க் எண் மட்டும் இருப்பது குறைவு. ‘40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடியும் 90 டிகிரி’ என்கிற மாதிரி இருக்கும். உராய்வு செய்யும் குளறுபடிக்குப் பொறியாளர்கள் கண்ட வழி இது. முதலில் சின்ன டார்க்கில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்புறம் போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பதை மரையின் இடைவெளியும் திருப்பும் கோணமுமே முடிவு செய்கின்றன. எண்ணெய் கூடினாலும் குறைந்தாலும் கால் சுற்று கால் சுற்றுதான்.

இவற்றில் பல போல்ட்டுகள் வேண்டுமென்றே நிரந்தர நீட்சியின் எல்லையைத் தாண்டி இழுக்கப்படுகின்றன. எஃகைவிட அலுமினியம் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடேறும்போது ஹெட் உயர்ந்து போல்ட்டை மேலும் இழுக்கும், ஆறும்போது விட்டுவிடும். எல்லையைத் தாண்டிய போல்ட்டில் இந்த ஏற்ற இறக்கத்திலும் இழுவை அதிகம் மாறாது, எல்லா போல்ட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும்.

ஆனால் ஒரு தடவை அப்படி நீண்ட போல்ட்டைக் கழற்றி மறுபடி போடுவதுதான் நம் பட்டறைகளில் நடக்கும் மிகப் பெரிய சிக்கனம், மிக மோசமான சிக்கனமும் அதுவே. பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும். சில மேனுவல்கள் நீளத்தையோ கழுத்துப் பகுதியின் விட்டத்தையோ அளந்து, குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் மறுபடி போடலாம் என்று அனுமதிக்கின்றன. அப்படி எதுவும் சொல்லாமல் ‘புதியது போடவும்’ என்று மட்டும் இருந்தால், புதியதுதான். புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் எத்தனையோ நல்ல பொருள் கிடைக்கும். ஹெட் போல்ட், கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டு) போல்ட் இரண்டை மட்டும் அங்கே தேடாதீர்கள். ராடு போல்ட் ஓட்டத்தில் முறிந்தால் ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

‘90 டிகிரி என்றால் எத்தனை நியூட்டன் மீட்டர்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இல்லை. அதை மாற்றிச் சொல்ல முடிந்திருந்தால் டிகிரிக்கே தேவை இருந்திருக்காது. போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டு திருப்புங்கள். கோணம் காட்டும் டயல் விலை அதிகமில்லை. இந்த வகை போல்ட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எதற்கும் இன்னொரு பிடி’ என்று மறுபடி இறுக்கவே கூடாது. பழைய வகைக் கேஸ்கெட் போட்ட அந்தக் கால என்ஜின்களுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டிய பின் ஹெட்டை மறுபடி இறுக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

ரெஞ்சைப் பிடிக்கும் கை

கிளிக் கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இரண்டு மூன்று தடவை ‘கிளிக் கிளிக்’ என்று அடிப்பவர் ஒவ்வொரு தடவையும் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறார். கைப்பிடியின் நடுவில் பிடித்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் எண் தாண்டும். கடைசிக் கால் சுற்றில் நிறுத்தி நிறுத்தித் திருப்பினாலும் தவறு. நின்ற போல்ட்டை நகர்த்துவதற்கு அதிக விசை வேண்டும் என்பதால், நகராமலே கிளிக் வந்துவிடும். ஏற்கெனவே இறுக்கிய போல்ட்டைச் சரிபார்க்கிறேன் என்று ரெஞ்சை வைப்பதிலும் இதே ஏமாற்று உண்டு. சந்தேகம் இருந்தால் சாதாரண போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்குவதுதான் வழி.

கைப்பிடியில் பைப் மாட்டக் கூடாது. இடம் இல்லாத இடத்தில் ரெஞ்சின் முனையில் நீட்டு ஸ்பேனர் தலையை நேராகப் பொருத்தினால் கணக்கு மாறும். ரெஞ்சின் நீளம் 400 மில்லிமீட்டர், மாட்டிய துண்டு 50 மில்லிமீட்டர், தேவை 90 நியூட்டன் மீட்டர் என்றால் வைக்க வேண்டிய எண் 80. துண்டை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்ட முடிந்தால் இந்தத் திருத்தம் வேண்டாம். பாக்ஸுக்கு மேல் வைக்கும் நேர் எக்ஸ்டென்ஷனுக்கும் வேண்டாம்.

டார்க் ரெஞ்சால் போல்ட்டைக் கழற்றுவதை என்ன சொல்ல! அதற்குத்தான் நீளக் கம்பி இருக்கிறது. வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகிவிடாதீர்கள். ஐஎஸ்ஓ 6789 தரநிலை, ஆண்டுக்கு ஒரு தடவை அல்லது 5,000 முறை பயன்படுத்திய பின் அளவைச் சரிபார்க்கச் சொல்கிறது. ஒரு தடவை கீழே போட்டிருந்தால் ஆண்டுக் கணக்குப் பார்க்காமல் உடனே.

ஸ்பார்க் பிளக், டிரெயின் போல்ட்

அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரை, வாஷர் உள்ள பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. என்ஜின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும், முதல் சில சுற்றுகள் கையால்தான் ஏற்ற வேண்டும். பிளக் மரையில் பூசப்பட்ட முலாமே போதும், வேறு மசகு தடவ வேண்டாம் என்று என்ஜிகே நிறுவனம் சொல்கிறது. தடவினால் அதே எண்ணில் அதிகமாக இறுகும்.

ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டில் ஆயில் கசிந்தால் இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. பெரும்பாலும் குற்றவாளி பழைய வாஷர். ஒரு தடவை நசுங்கிய வாஷர் மறுபடி நசுங்கி அடைக்காது. அதை மாற்றாமல் இறுக்கிக்கொண்டே போனால் அலுமினிய சம்ப்பின் (ஆயில் தங்கும் அடித்தொட்டியின்) மரை போகும்.

இறுக்கும்போது எதிர்ப்பு கூடிக்கொண்டே வர வேண்டும். கிளிக் வராமல் போல்ட் மெத்தென்று சுற்றிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்துங்கள். ஒன்று போல்ட் நீள்கிறது, அல்லது மரை கழன்று வருகிறது. வெளியே எடுத்துப் பாருங்கள். போல்ட்டின் மரையில் அலுமினியத் துணுக்கு சுருள் சுருளாக ஒட்டியிருந்தால் துளைக்கு ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) போட வேண்டும். துணுக்கு இல்லாமல் போல்ட்டின் நடுப்பகுதி மட்டும் மெலிந்திருந்தால் புதிய போல்ட் வாங்கி, துளையில் மரை நன்றாக இருக்கிறதா என்று கையால் ஏற்றிப் பார்த்துவிட்டு, முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.