சத்சுமா: பலரும் செய்யும் தவறுகள்

ஜப்பான் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் சத்சுமா மாகாணத்தையும் ஷிமாசு குடும்பம் ஆண்ட சத்சுமா ஆட்சிப்பகுதியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான். மாகாணம் என்பது பழைய பேரரசு காலத்தில் வகுத்த எல்லை, ஜப்பானின் தென்மேற்கில் உள்ள இன்றைய ககோஷிமா மாநிலத்தின் மேற்குப் பாதி, அவ்வளவுதான். ஷிமாசுக்கள் கையில் இருந்ததோ சத்சுமா, பக்கத்து ஓசுமி மாகாணம், ஹ்யூகா மாகாணத்தில் ஒரு பகுதி, அப்புறம் 1609-ல் படையெடுத்துப் பணியவைத்த ரியூக்யூ (இன்றைய ஓகினாவா) தீவு அரசு. 1871-ல் ஆட்சிப்பகுதிகளை ஒழித்தார்கள். அதனால் "சத்சுமா ஷோகுனை (பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரை) எதிர்த்தது" என்று படித்தால், அது ஷிமாசுக்களின் அரசைச் சொல்கிறது, மாகாணத்தை அல்ல.

அடுத்தது சத்சுமா என்ற பெயரில் விற்கும் மண்பாண்டம். இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். 1590-களில் கொரியா மீது நடந்த படையெடுப்பின்போது ஷிமாசு யோஷிஹிரோ அங்கிருந்து பிடித்துவந்த குயவர்கள் தொடங்கியதுதான் சத்சுமா மண்பாண்டத் தொழில். பிரபுவுக்கு வெள்ளை, ஊர் மக்களின் அன்றாடப் புழக்கத்துக்குக் கறுப்பு. 1867 பாரிஸ் கண்காட்சியில் சத்சுமா ஷோகுன் அரசோடு சேராமல் தனியாகவே கடை விரித்தது. அதன்பிறகு ஐரோப்பாவில் கிராக்கி ஏற, கியோட்டோவிலும் யோகோஹாமாவிலும் பொன் வேலைப்பாடு அள்ளித் தெளித்த ஜாடிகள் அதே பெயரில் குவிந்தன. அடியைத் திருப்பிப் பார்த்தால் வட்டத்துக்குள் சிலுவை போட்ட ஷிமாசு முத்திரை இருக்கும். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், ஏற்றுமதிக்காக வேறு ஊர்களில் செய்தவற்றிலும் அந்த முத்திரையைப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் அருமையான வேலைப்பாடு உள்ளவையும் உண்டு, ஆனால் ககோஷிமாப் பாண்டம் என்று நினைத்து விலை கொடுக்கக் கூடாது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு சத்சுமாவில் பிறந்தது என்பதும் தப்பு. அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு அது, சீனா வழியாக ரியூக்யூவுக்கும் அங்கிருந்து சத்சுமாவுக்கும் வந்தது. மற்ற ஜப்பானியர் அதை சத்சுமா-இமோ என்பார்கள், ககோஷிமாக்காரர்களோ காரா-இமோ என்பார்கள். சத்சுமா ஆரஞ்சிலும் பெயர்க் குழப்பம் உண்டு, ஜப்பானில் உன்ஷூ மிகான் என்று கேட்டால்தான் கிடைக்கும். சத்சுமா என்பது 19-ஆம் நூற்றாண்டில் மரக்கன்றுகள் அமெரிக்கா போனபோது ஒட்டிக்கொண்ட பெயர், அலபாமாவில் அந்தப் பழத்தின் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது.

கடைசியாக, செண்டாய். 2015 ஆகஸ்டில், ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு வந்த புதிய விதிகளின்கீழ் முதலில் மறுபடி இயங்கத் தொடங்கிய செண்டாய் அணுமின் நிலையம் 2011 சுனாமி தாக்கிய வடகிழக்கு ஜப்பானின் செண்டாய் நகரில் இல்லை. அது இருப்பது ககோஷிமாவின் சத்சுமாசெண்டாய் நகரில், அதாவது பழைய சத்சுமா மாகாணத்தின் தலைமையிடம் இருந்த இடத்தில். ஜப்பானிய எழுத்தில் இரண்டு செண்டாய்களும் வேறு வேறு. தமிழில் எழுதும்போது ஒன்றுபோலத் தெரியும் என்பதால், பக்கத்தில் ககோஷிமா என்று சேர்த்தே எழுதுங்கள்.