நிறத்தை நீக்கினால் மட்டும் போதாது: கறுப்பு வெள்ளை குளோஸ்-அப் படங்களில் நேரும் தவறுகள்

சிவப்புக் குடைமிளகாய் ஒன்றைப் பச்சை இலையின்மேல் வைத்துப் படமெடுத்து, பிறகு கணினியில் நிறத்தை நீக்கிப் பாருங்கள். கண்ணுக்கு அவ்வளவு பளிச்சென்று பிரிந்து தெரிந்த காயும் இலையும் பல வேளைகளில் ஒரே சாம்பலில் கலந்து கிடக்கும். வண்ணத்தில் எடுத்துவிட்டுக் கடைசியில் நிறத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதே முதல் தவறு. மற்றவற்றுள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அடுத்தது பின்னணி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆகஸ்ட் மாதம் கலிஃபோர்னியாவில் குடைமிளகாய்களைப் படமெடுத்தபோது, வெறும் துணியையும் வெள்ளை அட்டையையும் பின்னால் வைத்துப் பார்த்தார். காய்க்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு மிகக் கடுமையாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. பிறகு பெரிய தகரப் புனல் ஒன்றைப் பக்கவாட்டில் கிடத்தி, அதன் அகன்ற வாய்க்குள் காயை வைத்தார். புனலின் உட்சுவர் ஒளியைத் திருப்பி அனுப்பியதால், நிழல் விழுந்த மடிப்புகளும் மெல்ல உருண்டு எழுந்தன. ‘குடைமிளகாய் எண் 30’ அப்படிப் பிறந்ததுதான். பின்னணியை வெறும் திரையாக நினைக்காமல், ஒளி தரும் பொருளாகவும் நினைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கேமராவின்மேல் உள்ள ஃபிளாஷை நேருக்கு நேர் அடிப்பவர்கள் இந்த உருட்சியைத்தான் இழக்கிறார்கள். நிழலை முழுக் கறுப்பாக்கி ‘அழுத்தம்’ கூட்டுபவர்களுக்கும் அதே இழப்புதான்.

எல்லாம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று லென்ஸின் ஒளித்துளையை எல்லை வரை சுருக்குவதும் தவறு. பொருளை அதன் உண்மையான அளவிலேயே பதிவு செய்யும்போது, எஃப்/16 என்ற துளை அளவு ஏறக்குறைய அதைவிடச் சிறிய எஃப்/32 போலச் செயல்படுகிறது. ஒளி துளையின் விளிம்பில் வளைவதால் படம் முழுவதுமே மழுங்குகிறது. ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து இணைப்பது மேல். அதிர்வையும் அலட்சியம் செய்யக்கூடாது: 1927-இல் வெஸ்டன் நாட்டிலஸ் சங்கைப் பதிவு செய்ய நாலரை மணி நேரம் வரை ஒளி விட்டார், வீட்டில் ஒருவர் நடந்தாலே மறுபடி தொடங்க வேண்டிய நிலை.

இலைமேல் நீர் தெளித்துத் துளிகளை மின்னவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பெர்லினில் கலை மாணவர்களுக்கு வடிவம் கற்பித்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட், தளிர்களையும் விதையுறைகளையும் முப்பது மடங்கு வரை பெருக்கிக் காட்டியபோது, வெற்றுப் பின்னணியும் மென்மையான பகலொளியுமே அவருக்குப் போதுமாக இருந்தன. வாட்டர் ஸ்பிரேயை எடுப்பதற்கு முன் தண்டைக் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள்; அதன் சுருள் நிழலோடு சேர்ந்து முழுதாகத் தெரியும் இடம் ஒன்று அங்கே இருக்கும்.