ஆண்மைக் குறைபாட்டுக்கு அதிர்வலை சிகிச்சை: நான் செய்த தவறை இன்னொருவர் செய்ய வேண்டாம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதிதாகக் கிளினிக் தொடங்கிய இளம் மருத்துவர் ஒருவர், விறைப்புக் குறைபாட்டுச் சிகிச்சைக்காகத் தாம் வாங்கிய அதிர்வலைக் கருவியைப் பார்க்க வரும்படி அழைத்திருந்தார். பொத்தானை அழுத்தினார். கம்ப்ரஸரின் உறுமலோடு டக டகவென்று சத்தம். கையில் வாங்கிப் பார்க்கவே தேவைப்படவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் என் கிளினிக் அறையில் கேட்ட அதே சத்தம்.

குடி, புகை, தூக்கமின்மை பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. படித்த மருத்துவர்களும் விவரம் தெரிந்த நோயாளிகளும் எங்கே சறுக்குகிறார்கள் என்பதுதான் என் கவலை.

தட்டும் கருவியை அதிர்வலைக் கருவி என்று நம்புவது

சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்கும் லித்தோட்ரிப்சி சிகிச்சை 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. அதே வகை அலையை மிகக் குறைந்த ஆற்றலில் ஆணுறுப்பின் திசுவுக்குச் செலுத்தினால் ரத்த ஓட்டம் கூடுமா என்று இஸ்ரேலில் யோராம் வார்டியின் குழு ஆராய்ந்து, 2010-இல் தன் முதல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.09 மில்லிஜூல் ஆற்றல். ஐந்து இடங்களில் முந்நூறு வீதம் அமர்வுக்கு 1,500 அலைகள். வாரம் இரண்டு அமர்வாக மூன்று வாரம், பிறகு மூன்று வாரம் இடைவெளி, மறுபடியும் மூன்று வாரம். ஆக, பன்னிரண்டு அமர்வுகள்.

நான் வாங்கிய கருவி இந்தப் பன்னிரண்டு என்ற எண்ணை மட்டும்தான் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அதன் கைப்பிடிக்குள் ஓர் உலோகக் குண்டு. அழுத்தப்பட்ட காற்று அதைத் தள்ளிவிட, அது முனையில் போய் மோதும். அந்த மோதல்தான் தோலில் அலையாகப் பரவுகிறது. இதன் வலிமை தோலில்தான் அதிகம். ஆழம் போகப் போகத் தேய்ந்துவிடும். உண்மையான அதிர்வலையில் அழுத்தம் வினாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும், உள்ளே குறித்த ஆழத்தில் குவியும். இரண்டும் ஒரே ஜெல், ஒரே மாதிரிக் கைப்பிடி. விற்பவர் இரண்டையும் ஷாக்வேவ் என்றுதான் சொல்வார். குதிகால் வலிக்கு அந்தத் தட்டும் கருவி பயன்படும். அதற்கு வாங்கியிருந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி ஒருவரை மறக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயது. அந்தப் பருவத்து முந்திரிக்கொட்டை விற்ற பணத்தை நான்காக மடித்துச் சட்டையின் உள்பையில் கொண்டுவருவார். பன்னிரண்டு அமர்வுகளும் முடிந்தன. ஒரு மாற்றமும் இல்லை. துண்டை மடியில் வைத்துச் சுருட்டியபடியே, "ஐயா, உங்கள் மேல் குறை சொல்லவில்லை. என் உடம்புதான் ஏற்கவில்லை போலிருக்கிறது. இன்னும் பன்னிரண்டு வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். கருவியின் குறையை அவர் தன் உடம்பின் குறையாக எடுத்துக்கொண்டார். அன்றுதான் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை வாங்கி ஏழு மாதம் கழித்துப் படித்தேன். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் நம்பிக்கையோடு காத்திருந்த வாரங்களை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இன்றும் அதே கருவி, அதே பன்னிரண்டு அமர்வுப் பேக்கேஜ் என்று பார்க்கும்போது எரிச்சல் அடங்குவதில்லை. கண்டுபிடிப்பது கடினமே இல்லை. திரையில் அளவு என்ன அலகில் வருகிறது என்று பாருங்கள். சதுர மில்லிமீட்டருக்கு மில்லிஜூல் என்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். டயருக்குக் காற்றடிப்பது போல 'பார்' (bar) என்ற காற்றழுத்த அலகில் இருந்தால் அது காற்றில் ஓடும் தட்டும் கருவி. நோயாளியும் இதைக் கேட்கலாம். கேட்டால் கோபப்படும் மருத்துவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

சரியான கருவியாகவே இருந்தாலும் இது தீர்ந்துபோன விவாதம் இல்லை. அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதை ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை என்றே வகைப்படுத்தியது. நோயாளியிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இதயத்தைக் கேட்காமல் ஜெல் தடவுவது

ஆணுறுப்பின் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத் தமனி மூன்று நான்கு. இரண்டிலும் ஒரே கொழுப்புப் படிவு சேரும்போது குறுகலானது முதலில் காட்டிக்கொடுக்கிறது. நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே விறைப்பு குறைவது உண்டு. ஆகவே மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, ரத்த அழுத்தம், காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு ஆகியவை தெரியாமல் நான் யாருக்கும் சிகிச்சை தொடங்குவதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றும் கேட்பேன். அந்த விவசாயிக்கு நான் இவற்றில் ஒன்றையும் முதலில் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது, அவருக்கே தெரியாமல் சர்க்கரை இருந்தது.

மாத்திரை தோற்றுவிட்டது என்று அவசரப்படுவது

பிரியாணி சாப்பிட்ட கையோடு விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையைப் போட்டு, இரண்டு முறை பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் ஏராளம். கொழுப்பு மிகுந்த உணவு அதன் வேலையைத் தாமதப்படுத்தும். கிளர்ச்சி இல்லாமல் மாத்திரை மட்டும் எதுவும் செய்யாது. முறையாக ஆறேழு முறையாவது பார்த்த பிறகே தோல்வி என்று சொல்லலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

புராஸ்டேட் அறுவையில் நரம்பு போனவருக்கு வாக்குக் கொடுப்பது

விறைப்பு திரும்பிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அளவைக் கூட்டுவது

குறைந்த ஆற்றல் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. வலித்தால் நிறுத்திவிட்டுக் காரணத்தைப் பாருங்கள்.

முன் மதிப்பெண் இல்லாமல் பின் மதிப்பெண் கேட்பது

விறைப்புக் குறைபாட்டை அளக்க ஐந்து கேள்விகள், இருபத்தைந்து மதிப்பெண்கள் கொண்ட வினாத்தாள் இருக்கிறது. இருபத்திரண்டும் அதற்கு மேலும் என்றால் குறைபாடு இல்லை. ஏழும் அதற்குக் கீழும் கடுமையானது. முதல் அமர்வுக்கு முன் நோயாளியே தனியாக உட்கார்ந்து நிரப்பட்டும். மனைவி வந்திருந்தால், அவர் சம்மதித்தால், அவரிடமும் பேசுங்கள். கடைசி அமர்வு முடிந்து ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் அதே தாளைக் கொடுங்கள். மஞ்சக்குப்பம் மருத்துவரிடம் கொடுத்துவிட்டு வந்ததும் அந்தத் தாளைத்தான். கருவியைப் பக்கத்து பிசியோதெரபி நிலையத்துக்கு விற்கப் பேசிக்கொண்டிருப்பதாக நேற்று சொன்னார்.