புக் செய்த மின்கார் கைக்கு வரும்வரை: காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை

முன்பணம் கட்டி, நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கையெழுத்தும் போட்டாயிற்று. இனி வண்டி எப்போது வரும் என்று நாள் எண்ணுவதுதான் வேலை என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து மாதம் காத்திருந்ததில் முதல் மூன்று மாதத்தை வீடியோக்கள் பார்த்தே கழித்துவிட்டேன். கடைசியில் கார் வாசலில் வந்து நின்றபோது சார்ஜ் போட இடம் தயாராக இல்லை. அடுத்த மூன்று வாரம் பொதுச் சார்ஜரைத் தேடி அலைந்தேன். ஆசை ஆசையாக வாங்கிய வண்டியை அனுபவிக்க வேண்டிய நாட்கள் அவை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதல்முறையாக மின்கார் வாங்குபவர்கள் இந்த வரிசையில் போனால் போதும்.

படி 1: ஆர்டர் தாளை நிதானமாகப் படியுங்கள்

கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. இப்போது படியுங்கள். மாடல், பேட்டரி அளவு, நிறம், சக்கர அளவு எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றனவா? விலை இன்றைக்கே உறுதியானதா, டெலிவரி அன்று என்ன விலையோ அதுவா? ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வருமா? சுவரில் மாட்டும் சார்ஜர் விலைக்குள் அடங்குமா, தனியா? வரிச்சலுகை ஏதும் இருந்தால் அது புக்கிங் தேதியை வைத்தா, பதிவுத் தேதியை வைத்தா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

படி 2: வண்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்

“எப்போ வரும்?” என்று கேட்டால் “சீக்கிரம் வரும்” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் உற்பத்தி வரிசை கிடைத்துவிட்டதா? வின் எண் ஒதுக்கியாயிற்றா? கப்பலிலோ லாரியிலோ ஏற்றியாயிற்றா? இந்த மூன்றில் எது முடிந்தது என்று கேட்டால், டீலர் கணினியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

வின் எண் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் உரிய 17 இலக்க அடையாளம். எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்திருக்கும். ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பிவிடக் கூடாது என்பதால் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. பல நிறுவனங்கள் அதன் 10ஆவது இடத்தில் மாடல் ஆண்டைக் குறிக்கின்றன. ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. இந்த எண் கைக்கு வந்தால், உங்கள் பெயரில் ஒரு குறிப்பிட்ட வண்டி இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை சொல்லப்படும் தேதிகள் எல்லாம் உத்தேசம்தான்.

தாமதத்துக்கு டீலர் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 2021இல் சிப் தட்டுப்பாட்டால் உலகம் முழுக்கக் கார் உற்பத்தி தடுமாறியது. அதே ஆண்டு மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் போக்குவரத்தை நிறுத்தியது. 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல், சுமார் 4,000 கார்களோடு அட்லாண்டிக் கடலில் தீப்பிடித்து, பிறகு மூழ்கியே போனது. அந்தக் கார்களுக்காகக் காத்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விசாரியுங்கள், போதும். தினமும் போன் செய்தாலும் வண்டி வேகமாக வராது.

படி 3: சார்ஜ் போடும் இடத்தைத் தயார் செய்யுங்கள்

புக் செய்த வாரமே தொடங்க வேண்டிய வேலை இது. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை போதாவிட்டால் அதைக் கூட்ட விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றும் நாள் பிடிக்கும்.

முதலில் உங்களுக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்று பார்ப்போம். நடுத்தர அளவு மின்கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 முதல் 20 யூனிட் செலவழிக்கும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஏழெட்டு யூனிட் போதும். 230 வோல்ட் இருக்கும் வீட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட் கிடைக்கும். அதாவது மூன்றரை மணி நேரத்தில் அன்றைய தேவை ஏறிவிடும். அதே இணைப்பில் 60 யூனிட் பேட்டரியை அடியிலிருந்து நிரப்ப ஒரு முழு நாளுக்கும் மேல் ஆகும். 32 ஆம்பியர் சுவர்ச் சார்ஜர் 7.4 கிலோவாட் தரும். ஒன்பது மணி நேரத்தில், ஓர் இரவில் நிரம்பிவிடும். தினசரி ஓட்டம் குறைவு என்றால் பெரிய சார்ஜர் அவசியமே இல்லை என்பது என் கருத்து. ஆனால் எந்த இணைப்பாக இருந்தாலும் வயரிங் சரியாக இருக்க வேண்டும்.

22 கிலோவாட் சார்ஜர் வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், உங்கள் காருக்குள் இருக்கும் ஏசி சார்ஜர் (வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தைப் பேட்டரிக்கு வேண்டிய டிசி மின்சாரமாக மாற்றும் கருவி) எவ்வளவு வாங்கும் என்று முதலில் பாருங்கள். கார் 7.4 அல்லது 11 கிலோவாட்தான் வாங்கும் என்றால், சுவரில் 22 மாட்டினாலும் அதற்கு மேல் ஏறாது.

எலக்ட்ரீஷியனிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். மின் பலகையிலிருந்து சார்ஜருக்கு மட்டும் தனி ஒயர் இழுக்க வேண்டும். அதில் வேறு எந்தச் சாதனமும் சேரக் கூடாது. 32 ஆம்பியருக்குப் பொதுவாக 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடுவார்கள். தூரம் அதிகமானால் இன்னும் தடிமன் தேவைப்படும். எர்த் இருக்கிறதா என்று கேட்டு விட்டுவிடாமல் அளந்து காட்டச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜையே ஏற்காது. நான்காவது, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. காரிலிருந்து சிறிதளவு டிசி மின்சாரம் கசிந்தால் சாதாரண ஆர்சிசிபி அதை உணராது; தன் வேலையையும் சரியாகச் செய்யாமல் போகலாம். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் ஏ வகை ஆர்சிசிபி போதும். இல்லாவிட்டால் பி வகை போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிச் சார்ஜ் போடுவதை மட்டும் ஒருநாள்கூடச் செய்யாதீர்கள். மணிக்கணக்கில் முழு மின்சாரம் ஓடும்போது அதன் இணைப்புகள் சூடேறி உருகும்.

அப்புறம், சார்ஜரை எங்கே மாட்டுவது? காரின் நீள அகலத்தை இணையத்தில் பார்த்து, நிறுத்தும் இடத்தில் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்துவிடுங்கள். சார்ஜ் வாய் சில கார்களில் முன்புறம், சிலவற்றில் பின்பக்கவாட்டில் இருக்கும். அதையும் குறித்துக்கொண்டு, கேபிள் எட்டுகிறதா, நடக்கும் வழியில் குறுக்கே கிடக்கிறதா என்று ஒரு கயிற்றை வைத்துப் பார்த்துவிடலாம். கதவைத் திறந்து இறங்க இடம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படி 4: உங்கள் பேட்டரி எந்த வகை?

மின்கார்களில் பரவலாக இருப்பவை இரண்டு வகை. என்எம்சி எனப்படும் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை ஒன்று. இதைத் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. 100 வரை ஏற்றிவிட்டு நாள்கணக்கில் நிறுத்தி வைக்கக் கூடாது. இன்னொன்று எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் அதிகம் மாறாது. அதனால் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று கணக்கிட வண்டியின் கணினி சிரமப்படும். அவ்வப்போது 100 வரை ஏற்றினால் அந்தக் கணக்கு சரியாகும். உங்கள் வண்டியின் கையேட்டை இப்போதே தரவிறக்கி, இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். கையேடு சொல்வதே இறுதி.

பேட்டரிக்கு நேராக டிசி மின்சாரம் தரும் வேகச் சார்ஜரில், 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது மிகவும் மெதுவாகிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெடும்பயணத்தில் ஒரே இடத்தில் முழுதாக நிரப்புவதைவிட, இரண்டு இடங்களில் 80 வரை ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். நீங்கள் அடிக்கடி போகும் வழியில் உள்ள சார்ஜர்களின் செயலிகளில் இப்போதே கணக்குத் தொடங்கி, பணம் செலுத்தும் முறையையும் சேர்த்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில், இருட்டில், ஓடிபிக்காக நிற்கும் கஷ்டம் வேண்டாம்.

படி 5: காகித வேலைகள்

கடன் ஒப்புதல் எத்தனை நாள் செல்லும் என்று பாருங்கள். டெலிவரி தள்ளிப்போனால் அது காலாவதியாகலாம். காப்பீட்டு விலைகளை முன்பே கேட்டு வைத்து, வின் எண் வந்ததும் எடுங்கள். பழைய வண்டியை உத்தேசத் தேதியை நம்பி விற்றுவிடாதீர்கள்.

படி 6: டெலிவரி நாளில் வண்டியைப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் போங்கள். மாலை விளக்கொளியில் பெயின்ட் கீறல் தெரியாது. வண்டி நனைந்திருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். பணம் முழுதும் கட்டுவதற்கு முன்பே ஒருமுறை பார்க்க அனுமதி கேட்பது இன்னும் நல்லது. கேட்கத் தயங்காதீர்கள், உங்கள் உரிமைதான்.

வின் எண் தாளிலும் வண்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். காற்றழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் நீண்ட பயணத்துக்காகக் கூடுதலாக அடைத்த காற்றைக் குறைக்க மறந்திருக்கலாம்.

மின்காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கதவுப் பூட்டு, திரை, கணினி எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அது பலவீனமாகியிருக்கும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், இது செத்தால் வண்டி கிளம்பாது. அதைச் சோதித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

மிக முக்கியமாக, ஷோரூமிலேயே சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏசி, டிசி இரண்டும் இருந்தால் இரண்டையும். கேபிள் பூட்டிக்கொண்டால் எப்படி விடுவிப்பது என்றும் அங்கேயே செய்து பாருங்கள். செயலியில் வண்டி உங்கள் பெயரில் இணைந்த பிறகே கிளம்புங்கள். சாவி, கேபிள், பஞ்சர் கிட் எல்லாம் எண்ணி வாங்குங்கள். குறை ஏதும் இருந்தால் படம் எடுத்து, தேதியோடு எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

படி 7: முதல் இரவு

வீட்டுக்கு வந்ததும் முழு ஆம்பியரில் ஏற்ற வேண்டாம். செயலியில் பாதியாகக் குறைத்து, அரை மணி நேரம் கழித்துச் சார்ஜரின் மேற்புறத்தையும் பிளக்கையும் ஓரமாகத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடோ பிளாஸ்டிக் வாசனையோ வந்தால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மெல்ல மெல்லக் கூட்டி, சார்ஜ் வரம்பை 80இலோ கையேடு சொல்லும் அளவிலோ வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.